எம்.எஸ்.டபிள்யூ. (முதுகலைச் சமூகப்பணி) இரண்டாம் ஆண்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், எங்கள் அலுவலகத்துக்குக் களப்பணிக்கு வரும் ஒரு மாணவியின் ரெக்கார்டைப் புரட்டினேன். நான்கு வாரமும் ஒரே வரி: ‘பயனாளியுடன் நல்லுறவு ஏற்பட்டது.’ இதே வரியை நானும் எழுதியிருக்கிறேன். அதனால் ஒரு ஊரே எங்கள் கல்லூரிக்குக் கதவை அடைத்தது. தாமதமாகப் போவது, அடையாள அட்டையை மறப்பது போன்றவற்றைப் பற்றி இங்கே எழுதவில்லை. ஒரு தடவை திட்டு வாங்கினால் அவை சரியாகிவிடும்.

தோழி எடுத்த பிரிவையே எடுப்பது

இரண்டாம் ஆண்டில் ஒரு சிறப்புப் பிரிவை (ஸ்பெஷலைசேஷன்) எடுக்க வேண்டும். எச்.ஆர்., அதாவது மனிதவளம், எடுத்தால் உடனே வேலை என்று எல்லோரும் சொல்வார்கள். நம் குமரி மாவட்டத்தில் முந்திரி ஆலைகளும் ரப்பர் தோட்டங்களும் உண்டு, பெரிய தொழிற்சாலைகள் குறைவு. கோவைக்கோ சென்னைக்கோ போகத் தயாரா என்று வீட்டில் பேசிவிட்டு எடுங்கள்.

மனநலப் பிரிவு எடுப்பவர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, மனநலச் சமூகப்பணியாளர் என்றால் எம்.எஸ்.டபிள்யூ.வுக்குப் பிறகு அதே துறையில் இரண்டு ஆண்டு எம்.ஃபில்லோ, அரசு ஏற்கும் வேறு தகுதியோ முடித்திருக்க வேண்டும். கடைசிப் பருவத்தில் இதைத் தெரிந்துகொண்டு அழுத பிள்ளைகள் உண்டு. பிரிவை எழுதிக் கொடுக்கும் முன் அந்தப் பிரிவின் ஆசிரியரிடம் அரை மணி நேரம் உட்காருங்கள். முந்தைய மாணவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள்.

நெறியாளரிடம் சறுக்கலை மறைப்பது

நான் சமுதாய வளர்ச்சிப் பிரிவு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தது. அடுத்த ஜனவரியில் குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊரில் எனக்குக் களப்பணி, வாரம் இரண்டு நாள். முதல் வீட்டில் ஓர் அக்கா. ஆழ்கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை. கையிலிருந்த படிவத்தில் ‘திருமண நிலை’ என்ற கட்டத்தில், அவர் கண் முன்னாலேயே ‘விதவை’ என்று எழுதினேன்.

அதை அவர் படித்துவிட்டார். ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போனார். மாமியார்தான் கேட்டார்: “ஆளு இன்னும் கரைக்கு வரல்ல மக்களே, நீ எப்படி அத எழுதின?”

பதில் சொல்லத் தெரியாமல் பஸ் ஏறிவிட்டேன். அன்று ராத்திரி ரெக்கார்டில் எழுதியதுதான் அந்த நல்லுறவு வரி. அதன்பிறகு அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. வேறு தெருக்களில் சுற்றிவிட்டு வந்து, வாராவாரம் அதையே எழுதினேன். ஐ.சி.யில், அதாவது நெறியாளரோடு தனியாக உட்காரும் நேரத்தில், “எல்லாம் நல்லா போகுது மேடம்” என்றேன். அவர் நம்பினார். பிப்ரவரியில் முதலாமாண்டு மாணவிகள் இரண்டு பேரை அதே தெருவில் பெண்கள் குழு தொடங்க அனுப்பினார். அவர்கள் கையிலும் அதே படிவம். ஊர்க்காரர்கள் தேவாலயத்தின் பங்குப்பேரவையில் கூடிப் பேசி, உங்கள் பிள்ளைகள் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இன்றும் என்னால் பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. அந்த மேடம் 2004 சுனாமிக்குப் பிறகு, உடல் கிடைக்காத குடும்பங்களோடு மாதக்கணக்கில் இருந்தவர். ஏழு ஆண்டுகள் ஒரு தகவலும் இல்லாவிட்டால்தான் காணாமல்போனவரை இறந்தவராகச் சட்டம் பொதுவாகக் கருதும் என்பதும் அவருக்குத் தெரியும், அதற்குள் அந்த வீட்டில் என்ன சொல்லை எடுக்கக் கூடாது என்பதும் தெரியும். நான் நடந்ததைச் சொல்லியிருந்தால் அடுத்த வாரமே என்னைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். ஸ்பெஷலைசேஷனுக்கு என்று தனியாக ஓர் ஆசிரியரைத் தருவதே இதற்காகத்தான். சறுக்கியதைச் சொல்லாமல் கையெழுத்து மட்டும் வாங்கினால் அவருடைய அனுபவம் நமக்கு எப்படிக் கிடைக்கும்?

எனவே நடந்ததை அப்படியே எழுதுங்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார், எந்த இடத்தில் பேச்சு நின்றது, நீங்கள் ஏன் எழுந்து வந்தீர்கள், எல்லாவற்றையும். ஐ.சி.க்குப் போகும்போது ஒரு கேள்வியாவது கையில் இருக்கட்டும்: “அந்த வீட்டுக்குத் திரும்பப் போகலாமா மேடம்?” மார்க் குறையும் என்ற பயம் எனக்கும் இருந்தது. இப்போது மாணவர்களுக்கு ஏஜென்சி மதிப்பீடு, அதாவது களப்பணி நடக்கும் அலுவலகத்தின் மதிப்பீடு, எழுதுவது நான்தான். தடுமாறியதை எழுதியதற்காக ஒரு பிள்ளைக்கும் நான் மார்க் குறைத்ததில்லை.

மலையாளத்தை ஒதுக்குவது

கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோடு பக்கம் களம் கிடைத்தால் மலையாளம் பழகிக்கொள்ளுங்கள்.

ஆய்வுத் தலைப்பைக் கடைசியில் தேடுவது

மூன்றாம் பருவக் களத்திலேயே எடுங்கள்.

குழந்தைகள் இல்லத்துப் படத்தை ஸ்டேட்டஸில் வைப்பது

பராமரிப்பில் இருக்கும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி குற்றம். முகத்தை மறைத்துப் போட்டாலும் பின்னால் இல்லத்தின் பெயர்ப்பலகை தெரியும். அங்கே போகும்போது போனைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.