புதுக் கோழியைப் பகலில் விடாதீர்கள்

1964-ல் பர்மாவில் கடை கண்ணியெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, மோல்மேனில் எங்கள் தெருக்காரர்கள் வீடு வீடாகக் கப்பலேறினார்கள். பாத்திரத்தை விற்றார்கள், கட்டிலை விற்றார்கள். கோழியை விற்க மனசு வராதவர்கள் எங்கள் அப்பத்தாவிடம் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். ஏழு வீட்டுக் கோழி ஒரே கொல்லையில். ஒன்றைக்கூட அடிபட்டுச் சாகவிடவில்லை அவள் என்று அப்பா சொல்வார். அந்த முறை அப்பத்தாவிடமிருந்து அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து எனக்கும் வந்தது. நான் வாழ்க்கைப்பட்டது பெகுவில். இப்போது என் கொல்லையில் 14 பெட்டையும் ஒரு சேவலும் நிற்கின்றன. புதிதாகக் கோழி வாங்குகிறவர்கள் வருஷா வருஷம் வந்து கேட்பதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கோழிக்கூட்டத்துக்குள் ஒரு வரிசை உண்டு. மேலே இருப்பது கீழே இருப்பதைக் கொத்தும், கீழே இருப்பது திருப்பிக் கொத்தாது. நார்வே நாட்டு ஷெல்டெருப் எப்பே என்பவர் சின்ன வயசிலிருந்தே கோழிகளைக் கவனித்துக் குறித்துவந்து 1921-ல் இதை எழுதினார். கொத்து வரிசை என்ற பேச்சே அவரால் வந்ததுதான். அந்த வரிசை எப்போதும் ஏணி மாதிரி நேராக இருக்காது என்பதையும் அவர் கண்டார். முதல் கோழி இரண்டாவதைக் கொத்தும், இரண்டாவது மூன்றாவதைக் கொத்தும், மூன்றாவது போய் முதலாவதையே கொத்தும். என் கொல்லையில் இன்றைக்கும் அப்படி ஒரு முக்கோணம் இருக்கிறது. தவிடு வைத்ததும் சுற்றிச் சுற்றி வருவார்கள்.

வரிசை இருப்பதால்தான் அமைதி இருக்கிறது. ஒரு முறை முடிவாகிவிட்டால் பிறகு சண்டை வேண்டியதில்லை, ஒரு பார்வை போதும், கீழே உள்ளது ஒதுங்கிவிடும். புதுக் கோழி வந்தால் அந்த முடிவெல்லாம் கலைகிறது. அப்போது பழைய கோழிக்கு உடம்பு பலத்தைவிடப் பெரிய பலம் ஒன்று இருக்கிறது. அது தன் இடத்தில் நிற்கிறது. புதியது அந்நிய இடத்தில் நிற்கிறது. வாட்டசாட்டமான கோழியைக்கூட முக்கால் கிலோ கிழட்டுப் பெட்டை துரத்துவதை நான் பார்த்திருக்கிறேன். உடம்பை நம்மால் மாற்ற முடியாது. இடத்தையும் நேரத்தையும் மாற்றலாம். அப்பத்தாவின் முறை முழுக்க அவ்வளவுதான்.

இதைக் கேட்காமல் நான் ஒரு உயிரைத் தொலைத்திருக்கிறேன். கல்யாணமான இரண்டாம் வருஷம். சந்தையில் மூன்று விடைக்கோழி வாங்கி, மூங்கில் கூடையோடு சைக்காவில், அதுதான் இங்கத்திய சைக்கிள் ரிக்ஷா, ஏற்றிக்கொண்டு வந்தேன். நடுப்பகல். கொல்லைக் கதவைத் திறந்து அப்படியே விட்டேன். சாயங்காலத்துக்குள் செவலைக் கோழியின் கொண்டை கிழிந்து கண்ணுக்குக் கீழே தொங்கியது. அது ஆட்டுக்கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒண்டிக்கொண்டது. காயம் ஆறிக்கொண்டுதான் வந்தது. ஆனால் இரைக்கு வெளியே வர அதற்குத் தைரியம் வரவில்லை. கையில் குருணை வைத்து நீட்டினால்கூட என் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்றுதான் பார்த்தது. ஐந்தாம் நாள் காலையில் அங்கேயே கிடந்தது.

ஆகவே வாங்கும்போதே யோசித்து வாங்குங்கள். ஒற்றைக் கோழி வாங்காதீர்கள். இரண்டோ மூன்றோ வாங்கினால் அடி பங்காகும், ஒண்டிக்கொள்ள ஒரு துணையும் இருக்கும். பர்மா வீசையில் முக்கால் வீசை, அதாவது 1.2 கிலோவுக்குக் குறைந்ததைப் பெரிய கோழிகளோடு சேர்க்க வேண்டாம். கொண்டையைப் பாருங்கள். சிவந்து பெருத்த கொண்டை உள்ளது பெரும்பாலும் வரிசையில் மேலே போகும், வெளுத்துச் சிறுத்தது கீழே நிற்கும். மழைக்காலத்தில் இந்த வேலையே வைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே மே நடுவிலிருந்து அக்டோபர் வரை கோழிகள் பாதி நாள் கூட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும், ஓடித் தப்ப இடமிருக்காது. நவம்பர், டிசம்பர்தான் நல்லது.

வந்த கோழியை மூன்று வாரம், முடிந்தால் நாலு வாரம், வீட்டின் இன்னொரு பக்கத்தில் தனியே வையுங்கள். இது சண்டைக்காக அல்ல, வெள்ளைக்கழிச்சலுக்காக. தடுப்பூசி போடாத கொல்லையில் அது நுழைந்தால் மொத்தக் கூட்டத்தையும் வாரிக்கொண்டு போய்விடும். பழைய கோழிக்கு முதலில் இரை வைத்துவிட்டுப் பிறகு புதியதிடம் போங்கள், செருப்பு மாற்றுங்கள், கை கழுவுங்கள். இறக்கைக்கு அடியிலும் பின்பக்கத்திலும் பேன் பாருங்கள். அடுப்புச் சாம்பலும் காய்ந்த மண்ணும் கலந்து ஒரு பெட்டியில் வைத்தால் அதுவே புரண்டு குளித்துக்கொள்ளும்.

இங்கே ஒரு விஷயம். என் கோழிகளில் கழுத்தறுத்தான் ஒன்று உண்டு, கழுத்தில் இறகே இல்லாத ஜாதி. அது எந்தச் சேவலோடு சேர்ந்தாலும் குஞ்சுகள் வெறுங்கழுத்தோடு பிறக்கின்றன; முன்கழுத்தில் மட்டும் ஒரு கொத்து இறகு. பள்ளிக்கூடத்தில் ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்று படித்த என் பேரன், "அப்போ இதுதானே ஆத்தா ராணி?" என்று கேட்டான். இல்லை. மரபில் ஓங்குவது வேறு, கொல்லையில் ஓங்குவது வேறு. ஒரு பண்பு குஞ்சில் வெளியே தெரிகிறதா, மறைந்து கிடக்கிறதா என்பது மட்டும்தான் அந்தப் பாடம். அந்தக் கழுத்தறுத்தான் எங்கள் வரிசையில் கடைசிக்கு முந்தியது.

நோய் பயம் தீர்ந்ததும் புதுக் கோழிகளைப் பஞ்சாரத்தில் வைத்துக் கொல்லைக்கு நடுவில் கவிழ்த்துவிடுங்கள். மூங்கில் இடைவெளி மூக்கு நுழையும் அளவு இருக்கலாம், தலை நுழையக் கூடாது. பகலெல்லாம் அங்கே, ராத்திரி வேறு இடத்தில். பஞ்சாரத்துக்கு உள்ளே ஓரமாக ஒரு பிடி குருணை, வெளியே அதே ஓரத்தில் ஒரு பிடி. முதல் இரண்டு நாள் பழையவை வந்து மூங்கிலைக் கொத்தும், கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். பொறுமையாக இருங்கள். ஏழு நாளிலோ பத்து நாளிலோ, நடுவில் மூங்கில் மட்டும் இருக்க, இரண்டு பக்கமும் தலை தூக்காமல் தின்னும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

அடுத்த வேலை கூட்டைக் கலைப்பது. இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். கோழிகளை வெளியே விட்டுவிட்டுக் கூட்டைச் சுத்தமாகக் கழுவுங்கள். உட்காரும் கம்புகளை அவிழ்த்து வேறு பக்கம், வேறு உயரத்தில் கட்டுங்கள். ஒரு கோழிக்கு 8 அங்குலம் என்று கணக்கு வைத்துக் கூடுதலாகவே கட்டுங்கள். முட்டைப் பெட்டியை எதிர்ச்சுவருக்கு மாற்றுங்கள். இரைத்தொட்டி இரண்டு, தண்ணீர்த்தொட்டி இரண்டு, ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாத தூரத்தில். ஒரு பலகையைச் சுவரில் சாய்த்து வையுங்கள், இரண்டு பக்கமும் திறந்திருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் திறந்த மூலை கோழிக்கு மறைவிடம் அல்ல, பொறி. என் செவலைக் கோழி செத்தது அப்படிப்பட்ட மூலையில்தான்.

கலைத்த கூட்டில் பழைய கோழியும் பாதி புதுக் கோழிதான். தன் கம்பு எது என்று அதுவும் தேட வேண்டும்.

இதில் எனக்கு இருக்கும் நம்பிக்கை கோழியிடம் மட்டும் வந்ததல்ல. என் மாமியார் என்னை ஒரு நாளும் கடிந்து பேசியவர் இல்லை. ஆனால் அவருடைய அடுப்படியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம் உண்டு. புளிப்பானையை நான் இடப்பக்கம் வைத்தால், ஒரு வார்த்தை சொல்லமாட்டார், விடிந்து பார்த்தால் வலப்பக்கம் இருக்கும். உப்புச்சாடியை நகர்த்தினால் சாடி திரும்பிவிடும். ஒன்பது வருஷம் அந்த அடுப்படியில் நான் சமைத்தேன். விருந்தாளி சமைக்கிற மாதிரிதான். ஒரு மழையில் கீற்றுக் கூரை உட்கார்ந்துவிட, அடுப்படியைப் பிரித்துத் தகரம் போட்டுக் கட்டினோம். வெறும் சுவர், வெறும் பலகை. சாமான்களெல்லாம் தாழ்வாரத்தில் கிடந்தன. மாமியார் புளிப்பானையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "இதை எங்கேம்மா வைக்கலாம்?" என்றார். அவர் மாறவில்லை, நானும் மாறவில்லை. பலகைதான் மாறியிருந்தது. என் மகனுக்குக் கல்யாணம் பேசி முடித்ததும் நான் செய்த முதல் வேலை, அடுப்படிச் சாமான் மொத்தத்தையும் வெளியே எடுத்துச் சுண்ணாம்பு அடித்ததுதான். மருமகள் வந்த மறுநாள் இரண்டு பேருமாக அடுக்கினோம். ஙாப்பி என்கிற மீன் விழுது ஜாடியை அவள் ஜன்னலோரம் வைத்தாள். இன்றைக்கும் சில காலையில் என் கை பழைய இடத்துக்குப் போய்த் திரும்புகிறது.

சரி, கூட்டுக்கு வருகிறேன். சேர்ப்பது ராத்திரியில். கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. உட்கார்ந்த கம்பைவிட்டு இறங்காது. பழையவை அடைந்து ஒரு மணி நேரம் கழித்து, விளக்கைப் பிடிக்காமல், புதுக் கோழியை இறக்கையோடு சேர்த்து அணைத்துப் பிடித்து, கம்பில் கால் பதியும்வரை கையை எடுக்காமல் உட்காரவையுங்கள். ஓரத்தில் வேண்டாம், இரண்டு பழைய கோழிகளுக்கு நடுவில். ஒரு முனகல் கேட்கும், அவ்வளவுதான். உயரத்தில் ஏறி ராத்திரியைக் கழிப்பது காட்டிலிருந்து வந்த பழக்கம். 2020-ல் 863 கோழிகளின் மரபணுவை, காட்டுக்கோழிகளும் சேர்த்து, ஒப்பிட்ட ஆராய்ச்சி ஒன்று வந்தது. வீட்டுக்கோழி முதலில் வந்தது தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, நம் பர்மா இந்தப் பக்கங்களில் வாழும் செங்காட்டுக்கோழியிலிருந்து என்று அது சொன்னது. கம்பில் ஏறிவிட்ட கோழிக்கு அந்த நேரத்தில் சண்டை நினைப்பு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். "பகல்வெல்லும் கூகையைக் காக்கை" என்ற குறளை அங்கே கோழிக்கூட்டை வைத்துத்தான் விளக்குவேன். ராத்திரியில் காக்கையைக் கொன்று தின்கிற ஆந்தையை, பகலில் காக்கைகள் சூழ்ந்து விரட்டிவிடும். ஆந்தை என்றாலே அபசகுனம் என்று தமிழ்நாட்டில் சொல்வதை இந்தப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பர்மாக்காரர் வீடுகளில் காகிதக்கூழில் செய்து பொன்பூசிய ஸீக்வெட் ஆந்தை ஜோடியாக உட்கார்ந்திருக்கும், அது அவர்களுக்கு அதிர்ஷ்டம். அந்தக் குறள் காலமறிதலில் வருகிறது. அடுத்த அதிகாரமே இடனறிதல். அங்கே முதலை வருகிறது: ஆழத் தண்ணீருக்குள் அது வெல்லும், தண்ணீரைவிட்டு வெளியே வந்தால் மற்றவை அதை வெல்லும். வள்ளுவர் அரசனுக்குச் சொன்னது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், ராத்திரியும் வேண்டும், கூட்டைக் கலைக்கவும் வேண்டும் என்று அப்பத்தா சொன்னதுதான் எனக்கு நினைவுக்கு வரும்.

விடியற்காலை நீங்கள் கோழிகளுக்கு முன்னால் எழுந்திருக்க வேண்டும். வெளிச்சம் வந்ததும் கதவைத் திறந்து, கொல்லை முழுக்கத் தீவனத்தை வீசி இறையுங்கள், தொட்டியில் மட்டும் வைக்காதீர்கள். கொத்துவதற்கு ஆளைத் தேடும் நேரத்தில் கொத்துவதற்கு மணி கிடைக்கட்டும். அன்று பகல் முழுக்க வீட்டில் இருங்கள்.

சண்டை வரும். நெஞ்சோடு நெஞ்சு மோதுவது, ஒரு துரத்தல், தலையில் ஒரு கொத்து, இதற்கெல்லாம் நடுவில் போகாதீர்கள். வரிசை அப்படித்தான் முடிவாகும். பிரித்துவிட்டால் நாளைக்குத் திரும்ப ஆரம்பிக்கும். ரத்தம் வந்தால் மட்டும் உடனே எடுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றவை எல்லாம் சேர்ந்து அங்கேயே கொத்தும். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டு, காயம் கறுத்த பிறகு திரும்ப விடுங்கள்.

மூன்று நாளாகியும் ஒரே கோழி விடாமல் துரத்தினால், அடிவாங்குகிறதைத் தூக்கித் தனியே வைக்கத்தான் நம் கை போகும். வேண்டாம். தனியே இருந்துவிட்டு வந்தால் அது இன்னும் அந்நியமாகிவிடும். துரத்துகிறதைப் பிடியுங்கள். கூட்டத்தின் கண்ணில் படாத இடத்தில் பஞ்சாரத்துக்குள் நாலைந்து நாள் வையுங்கள், இரை தண்ணீர் குறையாமல். அதற்குள் மற்றவை தங்களுக்குள் வரிசை போட்டுக்கொள்ளும். திரும்பி வரும்போது புதிதாக வந்தது அதுதான். அதையும் ராத்திரியில்தான் விட வேண்டும், அதற்கும் அந்த மரியாதை உண்டு.

சேவல் விஷயம் சுருக்கம்தான். சேவல்களுக்குள் ஒரு வரிசை, பெட்டைகளுக்குள் வேறு வரிசை. புதுப் பெட்டைகளைச் சேவல் அதிகம் தொந்தரவு செய்யாது; இரையைக் காட்டிக் கூப்பிடக்கூடச் செய்யும். இரண்டாவது சேவலைச் சேர்க்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

சில நாள் முட்டை குறையும், பதறாதீர்கள். எல்லாம் அடங்கியதா என்று பார்க்கச் சாயங்காலம் கூட்டுப்பக்கம் போய் நில்லுங்கள். கம்பில் ஏறும்போது தள்ளுமுள்ளு இல்லாமல், புதியது ஒன்று பழையதின் இறக்கையில் உரசிக்கொண்டு கண்ணை மூடினால் முடிந்தது. பலகையை எடுத்துவிடலாம். இரண்டாவது இரைத்தொட்டியை மட்டும் எடுக்காதீர்கள். என் கொல்லையில் அது எப்போதும் உண்டு. கடைசிக்கு முந்தி நிற்கிற கழுத்தறுத்தான் தினமும் அதில்தான் தின்கிறது.