உருட்டிய டூப்ளெக்ஸ் தகட்டில் காந்தமானி காட்டும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் மிடில்பர்க்கில் உருக்கி வார்த்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் கப்பலில் வந்திறங்கிய தகடும் டர்பன் பட்டறைகளில் தொட்டியாகவும் குழாயாகவும் உருமாறுகின்றன. அவற்றில் டூப்ளெக்ஸ் வகை ஏறத்தாழப் பாதி பெரைட், பாதி ஆஸ்டெனைட்; இவை எஃகின் இரண்டு படிக அமைப்புகள். பெரைட்டைக் காந்தம் ஈர்க்கும், ஆஸ்டெனைட்டை ஈர்க்காது. குளிர் உருட்டலில் இரண்டும் ஒரே உருளைக்கடியில்தான் நசுங்குகின்றன. ஆனால் இரண்டும் ஒரே மாதிரி மாறுவதில்லை. பெரைட் பங்கைக் காந்தமானியால் அளந்து முடித்துவிடுபவர்கள் தவறுவது இங்கேதான்.

2205 என்னும் டூப்ளெக்ஸ் வகைத் தகட்டை 3.0 மி.மீ. கனத்தில் எடுங்கள். 1050 டிகிரி செல்சியஸில் பத்து, பதினைந்து நிமிடம் வைத்து, உடனே தண்ணீரில் போட்டுக் குளிர்வியுங்கள். பழைய வரலாறு அழியாத தகட்டில் எந்த மாற்றம் உருட்டலால் வந்தது என்று சொல்லவே முடியாது. பிறகு ஒரு நடைக்கு, அதாவது உருளைகளுக்கிடையே ஒரு முறை செலுத்துவதற்கு, 0.15 மி.மீ. அளவில் உருட்டி 2.70, 2.10, 1.50, 0.90 மி.மீ. கனங்களில் ஒவ்வொரு துண்டு வெட்டி வையுங்கள். இவை 10, 30, 50, 70 சதவீதக் குறைப்பு.

நடைகளுக்கு இடையில் தகடு தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். இதைச் சில்லறை விஷயமாக எண்ணாதீர்கள். 2101 போன்ற நிக்கல் குறைந்த வகைகளில் ஆஸ்டெனைட்டின் ஒரு பகுதி உருட்டும்போதே மார்ட்டென்சைட் என்னும் கடினமான இன்னொரு படிக அமைப்பாக மாறும். சூடு ஏற ஏற அந்த மாற்றம் குறையும். மிடில்பர்க்கின் குளிர்கால விடியலில் உருட்டிய தகடும் டர்பனின் ஜனவரி வெயிலில் உருட்டிய தகடும் ஒரே குறைப்பில் வேறு வேறு அமைப்பைக் காட்டலாம். ஆகவே ஒவ்வொரு நடைக்கும் தகட்டின் வெப்பத்தைக் குறித்து வையுங்கள். 2205இல் ஆஸ்டெனைட் இன்னும் உறுதியானது, மாற்றம் குறைவு.

துண்டை உருட்டும் திசையும் கனமும் சேர்ந்த பக்கவாட்டு முகம் தெரியும்படி வெட்டுங்கள். மேல் முகத்தைப் பார்த்தால் அடுக்குகள் தெரியாது. குளிர்நீர் ஓட, மெதுவாக அறுக்கவும். தேய்ப்பும் மெருகும் முரட்டுத்தனமாக இருந்தால் மேல்தோலிலேயே புதிய மார்ட்டென்சைட் பிறக்கும்; அதை உருட்டலின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். கடைசியாகக் கூழ்ம சிலிக்காவில் 10 முதல் 20 நிமிடம் மெருகிடுங்கள்.

பெரைட்டையும் ஆஸ்டெனைட்டையும் நிறத்தால் பிரித்துக் காட்டும் அரிப்புக்கு 100 கிராம் தண்ணீரில் 40 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடை, பிளாஸ்டிக் பாத்திரத்தில், கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரையுங்கள். கொதிக்கும் அளவுக்குச் சூடேறும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அவசியம். ஆறிய பின் துண்டை நேர்முனையில் மாட்டி 3 வோல்ட்டில் 10, 15 விநாடி. பெரைட் பழுப்பாகும், ஆஸ்டெனைட் வெளுப்பாகவே நிற்கும். நிறம் நீலத்துக்குப் போனால் நேரம் கூடிவிட்டது, மறுபடி மெருகிடுங்கள்.

10 சதவீதத்தில் ஆஸ்டெனைட் தீவுகளின் வடிவம் அதிகம் மாறியிருக்காது. 30இல் நீளும். 50ஐத் தாண்டினால் இரண்டும் நாடா நாடாவாக அடுக்கி நிற்கும், சில இடங்களில் அடுக்குகளைக் குறுக்கே வெட்டும் சறுக்குப் பட்டைகள் தோன்றும். கடினம், விக்கர்ஸ் அளவுகோலில், சுமார் 250இலிருந்து 350க்கு மேல் ஏறும். உள்ளே நடப்பது வேறு: பெரைட்டில் இடப்பெயர்வுகள் (அணு வரிசையில் உள்ள கோட்டுக் குறைகள்) ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு எளிதாகத் தாவி, அறைகளாக அடுக்கிக்கொள்ளும். ஆஸ்டெனைட்டில் அப்படித் தாவ முடியாமல் ஒரே தளத்தில் குவியும், அதனால் அதுவே வேகமாகக் கடினப்படும்.

இப்போது காந்தமானிக்கு வருவோம். அது காந்த ஊடுருவலை, அதாவது பொருள் எவ்வளவு எளிதில் காந்தமாகிறது என்பதை, அளக்கிறது. நசுங்கிய பெரைட் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். மெல்லிய தகடும் குறைவாகவே காட்டும். மார்ட்டென்சைட்டும் காந்தமானது, எனவே கூட்டும். ஒன்று ஏற்ற, இரண்டு இறக்க, ஒரு எண் வரும். அதற்குப் பெரைட் சதவீதம் என்று பெயர் வைக்காதீர்கள். எக்ஸ்ரே விளிம்பு விளைவு அளவீடும் உதவாது: மார்ட்டென்சைட்டின் சிகரம் பெரைட்டின் சிகரத்தோடு ஒட்டி விழும், உருட்டலால் படிகங்கள் ஒரே பக்கம் திரும்பி நிற்கும் திசைச்சீரும் சிகரங்களின் உயரங்களைக் கெடுக்கும். நுண்ணோக்கியில் கட்ட வலையைப் போட்டு, பெரைட் மேல் விழும் புள்ளிகளை எண்ணுங்கள். செறிவுக் காந்தமாக்கல் (இனி ஏறாத அளவுக்குக் காந்தமாக்கி அளப்பது) அளவீடு கிடைத்தால் மார்ட்டென்சைட்டின் பங்கை அதைக்கொண்டு சரிபாருங்கள்.

உருட்டிய துண்டை மென்மையாக்க வேண்டுமென்றால் 1050 டிகிரிதான். அழுத்தம் நீக்க 700, 800 என்று இடையில் நிறுத்தினால் சிக்மா கட்டம் என்னும் நொறுங்கும் படிக அமைப்பு பிறந்து தகடு உடையும். உருட்டிய தகட்டில் அது இன்னும் சீக்கிரம் பிறக்கும். மின்வெட்டு அறிவிப்பு உண்டா என்று பார்த்தே உலையை ஏற்றுங்கள். பாதியில் மின்சாரம் போனால், 1000 டிகிரிக்கு மேல் இருக்கும்போதே இடுக்கியால் எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். அதற்குக் கீழே இறங்கிவிட்டால், மின்சாரம் வந்ததும் 1050க்கு மறுபடி ஏற்றி, அங்கே நிறுத்தி, பிறகு குளிர்வியுங்கள்.