ஆளில்லாத தீவுல மாட்டிக்கிட்டா: தண்ணி தேடுறப்போ பண்ணக்கூடாத தப்புகள்

உச்சி வெயில்ல குழி தோண்டினா ஒரு மணி நேரத்துல ஒரு லிட்டர் வேர்வை சர்வ சாதாரணமா போயிடும். அவ்வளவு தோண்டி அந்தக் குழியில அரை லிட்டர் தண்ணி கிடைச்சா சந்தோஷப்படுறதா, இல்ல அரை லிட்டர் நஷ்டம்னு தலையில கை வச்சுக்கிறதா? தீவுல தண்ணி தேடுறதப்பத்தி சுத்திக்கிட்டு இருக்குற முக்கால்வாசி டிப்ஸ் இந்தக் கணக்கையே பாக்குறது இல்ல. வீடியோல பாக்க நல்லாத்தான் இருக்கும், செஞ்சு பாத்தா உடம்புல இருக்குற தண்ணிதான் காலியாகும். அதனால கீழ சொல்ற எதையும் நான் ஒரே கேள்விய வச்சுதான் பாக்குறேன்: உள்ள வர்றது அதிகமா, வெளிய போறது அதிகமா?

கடல் தண்ணி குடிக்கக்கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் ஏன் குடிக்கிறாங்கன்னா ரெண்டாவது நாள் மூணாவது நாள் தாகத்துல புத்தி நிதானத்துல இருக்காது, ரெண்டு மடக்குதானே என்ன ஆயிடப்போகுதுன்னு தோணும். கடல் தண்ணி ஒரு லிட்டர்ல சுமார் 35 கிராம் உப்பு இருக்கு. நம்ம கிட்னியால அவ்வளவு அடர்த்தியா உப்ப சிறுநீர்ல வெளிய தள்ள முடியாது, அதனால அந்த 35 கிராம கழுவி விடவே ஒன்றரை லிட்டருக்கு மேல தண்ணி வேணும், குடிச்சது போக பத்தாக்குறைய உடம்புல இருந்துதான் உறிஞ்சும். 1952ல அலன் பொம்பார்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் ரப்பர் படகுல அட்லாண்டிக்க 65 நாள்ல தாண்டிட்டு, கடல் தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா குடிச்சு சமாளிச்சேன்னு சொன்னாரு, அத இன்னைக்கும் சிலபேர் ஆதாரமா காட்டுறாங்க. ஆனா அவரு மீனப் பிழிஞ்சும் குடிச்சாரு, மழைத்தண்ணியும் குடிச்சாரு, நடுவுல ஒரு கப்பல்ல ஏறி சாப்பிட்டும் வந்தாரு, அப்படியும் கிட்டத்தட்ட 25 கிலோ எடை இறங்கித்தான் கரை சேர்ந்தாரு. அதே கடல சின்னப் படகுல தாண்டின ஹான்னஸ் லிண்டமன்ங்கிற இன்னொரு டாக்டர் இது வேலைக்கே ஆகாதுன்னு சொல்லிட்டாரு. எனக்கு லிண்டமன் பேச்சுலதான் நம்பிக்கை.

இதுக்குத் தம்பி மாதிரி இன்னொரு தப்பு இருக்கு, கடல் தண்ணிய கொதிக்க வச்சுட்டா குடிக்கலாம்னு நினைக்கிறது. கொதிக்க வச்சா கிருமிதான் சாகும், உப்பு அப்படியேதான் இருக்கும், சொல்லப்போனா தண்ணி ஆவியாகி உப்பு இன்னும் கூடும். கையில ஸ்ட்ரா ஃபில்டர் இருந்தாலும் குளோரின் மாத்திரை இருந்தாலும் இதே கதைதான், ரெண்டும் உப்ப தொடாது. அந்த ஆவியப் பிடிச்சாதான் நல்ல தண்ணி. பாத்திரத்துக்கு மேல சுத்தமான துணியப் பிடிச்சு ஆவி ஏறினதும் பிழிஞ்சுக்கலாம், கை பத்திரம். ஆனா இதுக்கு விறகு பொறுக்கணும், நெருப்புப் பக்கத்துலயே உக்காரணும், அந்த வேர்வையையும் கணக்குல சேத்துக்கோங்க, பகல்ல வேண்டாம், ராத்திரி வேலையா வச்சுக்கிட்டா பரவாயில்ல.

அடுத்தது நல்ல பிள்ளைங்க பண்ற தப்பு. கையில ஒரு பாட்டில் தண்ணி இருக்கும், அத மூடில அளந்து அளந்து ஒரு வாரத்துக்கு ஓட்டலாம்னு பிளான் போடுவாங்க. பாட்டில்ல இருக்குற தண்ணியால உடம்புக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, தாகம் எடுக்கும்போது குடிச்சாதான் தலை வேலை செய்யும், நடக்கத் தெம்பு இருக்கும். மிச்சம் பிடிக்க வேண்டியது வேர்வைய. காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடியும் சாயங்காலமும்தான் வேலை, நடுப்பகல்ல நிழல்ல படுத்துடணும், சட்டையக் கழட்டக்கூடாது (கழட்டினா காத்தோட்டமா இருக்குற மாதிரி தெரியும், ஆனா வெயில் நேரா தோல்ல படும், வேர்வையும் சட்டுனு காஞ்சு இன்னும் வேர்க்கும்). ரொம்ப சூடா இருந்தா சட்டைய கடல் தண்ணில நனைச்சுப் போட்டுக்கோங்க, கடல் தண்ணிக்கு இருக்குற உருப்படியான உபயோகம் அதுதான், சாயங்காலம் ஆனதும் காய வச்சுடுங்க, உப்பு தோலப் புண்ணாக்கும். இன்னொண்ணு, குடிக்கத் தண்ணி இல்லாதப்போ மீனும் நண்டும் வயிறு முட்டத் திங்கக்கூடாது, புரோட்டீன் கழிவ வெளியேத்த கிட்னிக்குத் தண்ணி வேணும், பசியோட இருக்குறது அப்போதைக்கு லாபம்.

இப்போ தேடுற விஷயத்துக்கு வருவோம், உயிர் போறதும் நிக்கிறதும் பெரும்பாலும் இங்கதான். தீவுல ரெண்டு ஜாதி உண்டு, மலை இருக்குற எரிமலைத் தீவு, தட்டையான பவளத் தீவு. ரெண்டுக்கும் தேடுற விதம் வேற வேற, இத யோசிக்காம கண்ட இடத்துல தோண்ட ஆரம்பிக்கிறாங்க.

மலை இருந்தா மேல போகணும். அட்லாண்டிக் நடுவுல இருக்குற அசென்ஷன் தீவுல நடந்த ரெண்டு கதையப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாலே புரியும். 1701ல வில்லியம் டேம்பியரோட கப்பல் ரோபக் அங்க மூழ்கிப்போச்சு, அவரும் ஆளுங்களும் கரையேறி உள்ள மலைப்பக்கம் போய் ஒரு ஊத்தக் கண்டுபிடிச்சாங்க, வேற கப்பல் வர்ற வரைக்கும் வாரக்கணக்குல அதுலதான் உயிரோட இருந்தாங்க. 24 வருஷம் கழிச்சு 1725ல லேண்டர்ட் ஹாசன்போஷ்னு ஒரு டச்சுக்காரரத் தண்டனையா அதே தீவுல தனியா இறக்கி விட்டுட்டாங்க. அவரு பாறையில கசிஞ்ச கொஞ்சத் தண்ணிய வச்சு ஓட்டினாரு, அதுவும் வத்திப்போச்சு, கடைசில ஆமை ரத்தமும் சொந்த சிறுநீரும் குடிச்சிருக்காரு. அடுத்த வருஷம் வந்த கப்பல்காரங்களுக்கு அவரோட டைரிதான் கிடைச்சது. இத்தனைக்கும் அந்தத் தீவோட மலை 859 மீட்டர், மேகம் வந்து உக்கார்ற உயரம். உயரமான இடத்துல மேகம் குளுந்து ஈரம் இறங்கும், அதனால தூரத்துல இருந்து பாக்கும்போது தனியா பச்சைப்பசேல்னு தெரியுற மடிப்ப முதல்ல குறி வைக்கணும். ஆனா ஒரேயடியா ஏறாதீங்க, வெயில் தாழ்ந்த நேரமாப் பாத்து, ஓடைத்தடம் மாதிரி இருக்குற பள்ளத்துலயே நடந்து போனா போதும்.

பறவை போற பக்கம் தண்ணி இருக்கும்னு சொல்றத அப்படியே நம்பி கடல் பறவை பின்னாடி நடந்தீங்கன்னா கால்தான் வலிக்கும். கடல் பறவைங்களுக்கு உப்ப வெளியேத்துற சுரப்பி தலையிலயே இருக்கு, அதுங்க கடல் தண்ணியவே குடிச்சுக்கும். தானியம் திங்கிற புறா மாதிரிப் பறவைங்க, தேனீ, ஆடு இதெல்லாம் இருந்தா பாருங்க, அதுங்களுக்கு நல்ல தண்ணி வேணும். நண்டும் சதுப்புக் காடும் எதுக்கும் அடையாளம் இல்ல, சதுப்பு மரம் உப்புத்தண்ணிலயே வளரும்.

தட்டையான தீவுல மலை இல்ல, ஓடை இல்ல, ஆனா காலுக்கு அடியில தண்ணி இருக்கலாம். மழைத்தண்ணி மணல்ல இறங்கி, கீழ இருக்குற உப்புத்தண்ணி மேல எண்ணெய் மிதக்குற மாதிரி மிதந்துக்கிட்டு இருக்கும், ஏன்னா கடல் தண்ணி அதவிட ரெண்டரை சதவீதம் கனம். கைபன், ஹெர்ஸ்பெர்க்னு ரெண்டு பேர் போட்ட கணக்குப்படி கடல் மட்டத்துக்கு மேல எவ்வளவு நல்ல தண்ணி நிக்குதோ அதப்போல சுமார் 40 மடங்கு கீழ இருக்கும். சின்னத் தீவுல மேல நிக்கிறதே ஒரு சாண் ரெண்டு சாண்தான், அதனால இந்த அடுக்கு மெலிசு. இங்கதான் ஆசைப்பட்டு ஆழமாத் தோண்டுற தப்பு நடக்குது. தண்ணி ஊறின உடனே நிறுத்திடணும், இன்னும் தோண்டினாலோ வேகமா இறைச்சாலோ கீழ இருக்குற உப்புத்தண்ணி மேல ஏறிடும், அப்புறம் அந்தக் குழி உப்புக்கரிக்கும். அலை அடிக்கிற ஓரத்துலயும் தோண்டாதீங்க, முதல் மணல் மேட்டுக்குப் பின்னாடி, செடி கொடி நல்லா இருக்குற தாழ்வான இடத்துல, சாயங்காலமாத் தோண்டி, ஊறவிட்டு, மேலாக்க அள்ளணும். லேசா கரிக்குதேன்னு பயப்பட வேண்டாம், வாயில வச்சதும் கடல் மாதிரி இருந்தா மட்டும் விட்டுடுங்க.

இதுல யாரும் எதிர்பார்க்காத ஒரு இடமும் இருக்கு. 1820ல திமிங்கிலம் முட்டி மூழ்கின எஸ்ஸெக்ஸ் கப்பல் ஆளுங்க சின்னப் படகுங்கள்ல பசிபிக்ல இருக்குற ஹெண்டர்சன் தீவுக்கு வந்தாங்க. தீவு பூரா தேடியும் தண்ணி இல்ல, கடைசில எங்க கிடைச்சதுன்னா கடல் ஏறும்போது மூழ்கிடுற பாறையில, கடல் உள்வாங்குற கொஞ்ச நேரம் மட்டும் தலை காட்டுற ஒரு ஊத்து. உள்ள சேர்ற நல்ல தண்ணி எங்கயாவது கடலுக்குக் கசிஞ்சுதானே ஆகணும், ஈஸ்டர் தீவுலயும் பழங்காலத்து மக்கள் இப்படி கரையோரம் கசியுற தண்ணியப் பயன்படுத்தியிருக்காங்க. அதனால கடல் நல்லா உள்வாங்கின நேரத்துல கரைய ஒரு சுத்து சுத்திப் பாருங்க, பாறை இடுக்குல, மணல்ல சின்ன வாய்க்காலா ஏதாவது ஓடுதான்னு, தொட்டு நக்கிப் பாத்துடணும்.

மழைய நம்பி இருக்குறது தப்பில்ல, மழை வந்தப்புறம் பாத்திரம் தேடுறதுதான் தப்பு. 1965ல டோங்காவச் சேர்ந்த ஆறு பசங்க அட்டாங்கிற ஆளில்லாத தீவுல ஒதுங்கி, ஒரு வருஷத்துக்கு மேல உயிரோட இருந்தாங்க, மரத்துண்டக் குடைஞ்சு மழைத்தண்ணி பிடிச்சு வச்சது அதுல பெரிய பங்கு. இன்னைக்குக் குடையக்கூட வேண்டாம், எந்தத் தீவுக் கரையிலயும் பிளாஸ்டிக் பாட்டிலும் கேனும் ஒதுங்கிக் கிடக்கும், வாடை அடிக்குற கேன மட்டும் தள்ளி வச்சுடுங்க, உள்ள என்ன ஊத்தி வச்சிருந்தாங்கன்னு யாருக்குத் தெரியும். தார்ப்பாயோ துணியோ விரிச்சா முதல் அஞ்சு நிமிஷ மழைய கழுவ விட்டுடணும், கடல் காத்துல அதுமேல உப்பு படிஞ்சிருக்கும். மரத்துல இருந்து ஒழுகுறதப் பிடிக்கிறதா இருந்தா மரம் என்னன்னு தெரிஞ்சிருக்கணும், கரீபியன் கரைகள்ல மான்சினீல்னு ஒரு மரம் உண்டு, மழையில அதுக்கடியில நின்னாலே தோல் கொப்புளிச்சுடும். பால் வடியுற எதையும் தொடாதீங்க.

தேங்காய் இருந்தா பாதிக் கவலை போச்சு, ஆனா கீழ விழுந்து முத்தின காய்ங்களையே வயிறு நிறைய வெட்டித் தின்னா வயித்தால போகும், அது தண்ணிக் கணக்குல பெரிய ஓட்டை. இளசா இருக்குறதுதான் குடிக்க நல்லது. பழக்கம் இல்லாம மரம் ஏறி விழுந்து கால ஒடைச்சுக்கிட்டா அப்புறம் எந்த டிப்ஸும் உதவாது, தொரட்டி மாதிரி கம்பு கட்டிப் பாருங்க, சாய்ஞ்ச மரம் தேடுங்க.

சிறுநீர் குடிக்கிறது பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணும் இல்ல, உடம்பு வேண்டாம்னு தள்ளின உப்ப திரும்ப உள்ள அனுப்புறீங்க, அவ்வளவுதான். குழி வெட்டி மேல பிளாஸ்டிக் ஷீட் போட்டு ஆவி பிடிக்கிற முறை 1965ல ஜாக்சன், வான் பேவல்னு ரெண்டு விஞ்ஞானிங்க எழுதினதுல இருந்து பிரபலம். ஈரமான மண்ணா இருந்தாலும் ஒரு குழியில ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தாண்டுறது கஷ்டம், அதுக்காக பகல்ல வெட்டாதீங்க. அந்தச் சிறுநீரையும் கடல் தண்ணியையும் அந்தக் குழிச் சுவர்ல ஊத்தி விடலாம், அங்க அதுக்கு மரியாதை உண்டு. அத விட சுளுவு விடியக்காலைல கால்ல துணியக் கட்டிக்கிட்டு புல்லுல நடந்து பனித்தண்ணியப் பிழியறது, வேர்க்கவே வேர்க்காது.

கடைசியா, தண்ணி கிடைச்ச சந்தோஷத்துல குட்டைத் தண்ணிய அப்படியே குடிச்சுடுறது. பறவை எச்சம், செத்த எலி எல்லாம் அதுல ஊறியிருக்கும், பேதி வந்தா ஒரே நாள்ல குடிச்சதவிட அதிகமா போயிடும். நெருப்பு இருந்தா தளதளன்னு ஒரு நிமிஷம் கொதிக்க விடுங்க. இல்லன்னா தெளிவான தண்ணிய நிறமில்லாத பாட்டில்ல ஊத்தி நல்ல வெயில்ல ஆறு மணி நேரம், மேகமா இருந்தா ரெண்டு நாள் படுக்கப் போட்டு வைங்க, கலங்கலா இருந்தா முதல்ல துணியில வடிகட்டி தெளிய விட்டுதான். நெருப்பும் இல்ல, பாட்டிலும் இல்ல, நாக்கு ஒட்டிக்கிட்டு தலை சுத்துதுன்னா யோசிக்காம குடிச்சுடுங்க, கிருமி வேலையக் காட்ட நேரம் பிடிக்கும், தாகம் அவ்வளவு நேரம் குடுக்காது.