ராத்திரி குடித்தவனைக் காலையில் படகில் ஏற்றலாமா?

பாம்பனில் 22 வருஷமாக விசைப்படகு ஓட்டுகிறேன். படகில் வைத்துக் குடிப்பவனைப் பிடித்துவிடலாம். தொல்லை கரையில் குடித்துவிட்டு வருபவனால்தான். டாஸ்மாக் ராத்திரி 10 மணிக்குத்தான் மூடும். அந்த நேரத்தில் ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, உள்ளே போனால் முழுசாக இறங்க 7, 8 மணி நேரமாவது ஆகும். குளித்தாலும் கடுங்காப்பி குடித்தாலும் அது குறையாது. விடியக்காலையில் வருகிறவன் தெளிவாகத்தான் பேசுவான்.

என் மச்சான் அப்படித்தான் வந்தான். வலையின் மடி தூக்கும்போது, கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் உருளையில் கயிறு ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டது. வேறு நாளாக இருந்தால் "நிறுத்து" என்று கத்தியிருப்பான். அன்றைக்குக் கையாலேயே தள்ளப் பார்த்தான். நான் நிறுத்துவதற்குள் இரண்டு விரல் போய்விட்டது. கையுறை மட்டும் உருளையோடு சுற்றிக்கொண்டே இருந்தது.

அதிலிருந்து, தொழிலுக்குப் போகும் முந்தின ராத்திரி பங்குப் பணம் கொடுப்பதில்லை. கரைக்கு வந்த அன்றே கணக்கை முடித்து, முடிந்தால் அவனவன் வீட்டுக்காரம்மா கையில் கொடுத்துவிடுவேன். (இதற்காகப் படகு முதலாளி சம்மாட்டியிடம் வாங்கிய திட்டு தனிக்கதை.) காலையில் ஒவ்வொருவனையும் நங்கூரக் கயிற்றில் ஒரு முடிச்சு போடச் சொல்வேன். கை தடுமாறினால் வீட்டுக்கு. முடிச்சு சரியாக விழுந்தாலும், கடை மூடும்வரை உட்கார்ந்திருந்தவன் என்று தெரிந்தால் ஏற்றமாட்டேன்.

கஞ்சா அடித்தவனுக்கு நேரமும் தூரமும் தப்பாகத் தெரியும். பக்கத்துப் படகு எவ்வளவு கிட்டே வந்துவிட்டது என்று பிடிபடாது. வாந்திக்குப் போடும் அவில் மாத்திரையே தூக்கம் வரவைக்கும், சரக்குக்கு மேல் போட்டால் ஆளைச் சாய்த்துவிடும். வாடைக் காலத்தில் "குளிருக்கு ஒரு கட்டிங்" என்பார்கள். தோல் சூடாவதுபோலத் தெரியும், உள்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும்.

நடுக்கடலில்தான் தெரிய வருகிறதா? வின்ச் பக்கமே விடாதீர்கள். லைஃப் ஜாக்கெட் மாட்டி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மல்லாந்தால் வாந்தி தொண்டையை அடைக்கும். பக்கத்தில் ஒருவன் இருக்கட்டும். எழுப்பியும் எழவில்லை என்றால் மீன்பாட்டைப் பார்க்காமல் கரைக்குத் திருப்புங்கள். வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸில் 16-ஆம் சேனல், போனில் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554.

அப்புறம், ஒரு பெயின்ட் டப்பா. குடித்தவனுக்கு ராத்திரி அடிக்கடி ஒண்ணுக்கு வரும். படகு விளிம்பில் ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பான், ஓர் அலை போதும். எஞ்சின் சத்தத்தில் விழுந்தது யாருக்கும் கேட்காது. எங்கள் படகில் எஞ்சின் ரூம் வாசலில் பழைய டப்பா ஒன்று தொங்குகிறது. கிண்டலடிக்கிறார்கள், ஆனால் அதில்தான் போகிறார்கள்.