பழனி மலைத்தொடரில் கூடாரமிட்டுத் தங்க எவற்றை எடுப்பது, எப்படி அடுக்குவது

பழனி மலைத்தொடரிலுள்ள கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால், டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். தாழ்வான புல்வெளிகளில் உறைபனியும் படியும். ஆகவே, பணத்தை முதலில் ஸ்லீப்பிங் பேக்குக்கும் (உள்ளே நுழைந்து உறங்கும் பை) அதன் அடியில் விரிக்கும் மேட்டுக்கும் செலவிடுங்கள். பையில் அச்சிட்டிருக்கும் வெப்ப அளவுகளில் 'எக்ஸ்ட்ரீம்' என்பது உயிர் பிழைக்க மட்டுமே போதுமானது. நிம்மதியாக உறங்குவதற்குரியது 'கம்ஃபர்ட்' அளவு, அது 5 டிகிரிக்கு மேற்படாமல் இருக்கட்டும். உடல் எடையில் அடிப்புறப் பஞ்சு நசுங்கித் தரையின் குளிர் முதுகில் ஏறுமாதலால், மேட் இல்லாவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த பையும் பயன்தராது.

டென்ட் இரட்டை அடுக்கு கொண்டதாக இருக்க வேண்டும். ஒற்றை அடுக்கில் நம் மூச்சின் ஈரமே உட்புறத்தில் துளிதுளியாகக் கோத்து, விடியற்காலையில் முகத்தில் சொட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும் என்பதால், தையல்களின் மீது டேப் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். புறப்படுமுன் மொட்டைமாடியில் ஒருமுறை விரித்துப் பார்த்து, டென்ட்டைத் தரையில் இறுக்கும் முளைகளையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

முதுகுப்பையின் அடியில் ஸ்லீப்பிங் பேக், நடுவில் முதுகை ஒட்டி அடுப்பு, அரிசி போன்ற கனமானவை, மேலே மழைக்கோட்டும் டார்ச்சும் என்று அடுக்கினால் ஏற்றத்தில் பை பின்னுக்கு இழுக்காது. மாற்றுக் காலுறைகளை நீர்புகாத உறையில் வையுங்கள். சோலைக்காட்டில் காலில் ஏறும் அட்டைப்பூச்சிகளுக்கு உப்பு போதும். கொடைக்கானலுக்கு வாகனத்தில் செல்வதற்கான இ-பாஸ் (இணைய அனுமதிச் சீட்டு) பெறுங்கள், வனநிலத்தில் அனுமதியின்றித் தங்காதீர்கள், காட்டுப்பன்றிகள் மோப்பம் பிடித்து வருமாதலால், உணவை டென்ட்டுக்குள் வைக்காதீர்கள்.