கென்னடி முகம் ஒன்றுதான், வெள்ளி ஒன்றல்ல

அமெரிக்க அரை டாலரில் கென்னடி முகத்தைப் பார்த்ததுமே வெள்ளிக்காசு என்று குதிப்பவர்கள் உண்டு. 1964 என்று போட்டதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தைச் செலவழித்துவிடுபவர்களும் உண்டு. முதல் ஆளுக்கு ஏமாற்றத்தோடு போகும். இரண்டாமவருக்குத்தான் நஷ்டம்.

1964 வரை அரை டாலரில் 90 சதவீதம் வெள்ளி. மொத்த எடை 12.5 கிராம், அதில் வெள்ளி 11.25 கிராம். வெள்ளி விலை ஏறிக்கொண்டே போக, 1965இல் சட்டம் மாறியது. 10 சென்ட், 25 சென்ட் காசுகளில் வெள்ளியை அடியோடு எடுத்தவர்கள், அரை டாலரில் மட்டும் 40 சதவீதத்தை விட்டுவைத்தார்கள். ஆக, 1965 முதல் 1970 வரை போட்ட 11.5 கிராம் காசு ஒவ்வொன்றிலும் 4.6 கிராம் வெள்ளி இருக்கிறது. 1971 முதல் புழக்கத்துக்கு வந்தவை நடுவில் செம்பு, இரு பக்கமும் செம்பும் நிக்கலும் கலந்த தகடு. எடை 11.34 கிராம்.

விளிம்பை மட்டும் பார்த்துத் தரம் பிரிப்பது அடுத்த தவறு. 1964 காசின் விளிம்பு முழுக்க வெண்மை. 1971க்குப் பிந்தையதில் செம்புக் கோடு பளிச்சென்று தெரியும். நடுவில் வரும் 40 சதவீதக் காசுதான் ஆளைக் குழப்பும். அதன் உள்பகுதியிலும் சுமார் 21 சதவீதம் வெள்ளி இருப்பதால் கோடு மங்கலாகத்தான் தெரியும். ஆண்டைப் படித்துவிடுங்கள், வேலை முடிந்தது.

ஆண்டே குழப்பும் காசும் ஒன்று உண்டு. 1776–1976 என்றிருப்பது இருநூறு வருடப் பழசு அல்ல, சுதந்திரத்தின் 200ஆம் ஆண்டு நினைவுக்காசு. கடைகளில் புழங்கியதில் வெள்ளி இல்லை. சேகரிப்பாளர்களுக்காக சான் பிரான்சிஸ்கோவில் 40 சதவீத வெள்ளியிலும் அடித்தார்கள், அதில் ‘எஸ்’ முத்திரை இருக்கும். ஆனால் வெள்ளியில்லாத ப்ரூஃப் காசிலும் (சேகரிப்பாளர்களுக்கென்று தனியாகப் பளபளப்பாக அடிப்பது) அதே ‘எஸ்’ உண்டு! இரண்டுக்கும் எடை வித்தியாசம் 0.16 கிராம்தான். சமையலறைத் தராசு உதவாது, நகைக்கடைத் தராசு வேண்டும். காந்தமும் வேண்டாம்: வெள்ளியும் ஒட்டாது, செம்பு-நிக்கலும் ஒட்டாது.

கணக்கில் சறுக்குவது அவுன்ஸில். வெள்ளிக்கு டிராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம். மளிகை அவுன்ஸான 28.35ஆல் வகுத்தால் மதிப்பு பத்து சதவீதம் வீங்கிவிடும். அவுன்ஸ் 30 டாலர் என்று வைத்துக்கொண்டால், 1964 காசில் சுமார் 10.85 டாலர் வெள்ளி, 40 சதவீதக் காசில் 4.44 டாலர். வாங்குகிற கடைக்காரர் இதற்கும் கீழேதான் கேட்பார். 1964 காசு கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டது, அதனால் ‘அபூர்வம்’ என்று பேரம் பேசினால் எடுபடாது.

தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள். பழைய காசில் படிந்த கருமையைத் தேய்த்தெடுத்தால் சேகரிப்பு மதிப்பு போய்விடும், எஞ்சுவது உலோக விலைதான். தங்க முலாம் பூசிய கென்னடி காசுகளும் பெரும்பாலும் அந்தச் செம்பு-நிக்கல் காசுகளே. முலாமைச் சுரண்டினால் ஒன்றும் தேறாது.

‘1971க்குப் பிறகு வெள்ளியே கிடையாது’ என்பதும் சரியில்லை. 1992 முதல் சேகரிப்பாளர்களுக்கென்று 90 சதவீத வெள்ளி ப்ரூஃப் காசுகள் வருகின்றன, 2019 முதல் அவை 99.9 சதவீதம். சாதாரண ப்ரூஃப் காசுகளும் கூடவே வருவதால், இங்கே மட்டும் ஆண்டை விட்டுவிட்டு விளிம்பைப் பாருங்கள்.