கறிவேப்பிலையில் புழுவா? மருந்து அடிக்காதீர்கள்

சமையலுக்குப் பறிக்கும் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் இன்னொரு கன்றைப் புழுக்களுக்கென்றே வையுங்கள். புழுவைக் கண்டால் அது உட்கார்ந்திருக்கும் ஈர்க்கோடு கத்தரித்து, அந்தக் கன்றின் கிளையில் செருகிவிடுங்கள். இலை வாடியதும் தானே ஏறிக்கொள்ளும். கையால் பிய்த்தால் கால் அறுந்துவிடும்.

மதுரைப் பக்கம் ஐப்பசி மழையில் செடி தளிர்க்கும்போது பட்டாம்பூச்சி இளந்தளிராகப் பார்த்து ஒவ்வொரு முட்டையாக இட்டுப் போகும். சின்னப் புழு காக்கை எச்சம் போலவே இருக்கும்; வளர்ந்தால் இலைப்பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஒரு சிவந்த இரட்டைக் கொம்பை நீட்டி நெடி கிளப்பும். பயப்பட வேண்டாம், கடிக்காது. இவை கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் என்று ஒரே குடும்பச் செடிகளைத்தான் தின்னும். அதனால் பக்கத்தில் இருக்கும் மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் ஆபத்தில்லை. மருந்துச் செலவு மிச்சம். அதைவிட, குழம்பில் போடும் இலையில் விஷம் இல்லை என்பது பெரிய நிம்மதி. மொட்டையான கன்றும் தண்ணீர் விட்டால் மறுபடி துளிர்த்துவிடும்.

ஆனால் சாண் உயரக் கன்று ஏழெட்டுப் புழுக்களைத் தாங்காது. இரண்டு மூன்றுக்கு மேல் விடாதீர்கள். மயிர் அடர்ந்த கம்பளிப்புழு வேறு ரகம், தொட்டால் அரிக்கும். அப்புறம், இலை சுருண்டு பிசுபிசுத்தால் அது அசுவினி போன்ற சாறுறிஞ்சிப் பூச்சிகளின் வேலை. அதற்கு இந்த வழி உதவாது, வேப்பெண்ணெய்க் கரைசல்தான்.